முறுக்கு டப்பாவும் மூன்று விழுமியங்களும்

அன்று அந்தக் கூட்ட அறையில் இருந்தவர்கள்: நிர்வாக இயக்குநர், நேர்மைப் பிரிவு அதிகாரி, எங்கள் சுற்றுச்சூழல் நிலைத்தன்மைப் பிரிவின் தலைவியான மேடம், குறிப்பெடுக்க மனிதவளத்திலிருந்து வந்த ஒரு பெண், அப்புறம் நான். மேசை நடுவில் ஒரு முறுக்கு டப்பா இருந்தது. அதைக் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயை ஒட்டி, மேலே ஓர் எண்ணும் எழுதி வைத்திருந்தார்கள். இல்லாதவர் என் அம்மா. விசாரணையே அவரைப் பற்றியதுதான். அந்த நேரத்தில் அவர் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டாவது கேட்டுக்கு வெளியே, வாதுமை மரத்தடியில் தண்ணி, அதாவது தேநீரும் காப்பியும், கலக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மாவையே கூப்பிட்டுக் கேட்டுடலாமே" என்றேன்.

"முறைப்படி வெளியாளை விசாரணையில உட்கார வைக்க முடியாது" என்றார் நேர்மை அதிகாரி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கோபமும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

அந்த வாரம்தான் எங்கள் ஆண்டு அறிக்கை அச்சாகி வந்திருந்தது. அதில் ஒரு முழுப் பக்கத்துக்கு அம்மாவின் படம். கையில் கோப்பை, முகத்தில் சிரிப்பு, கீழே 'எங்கள் சமூகப் பங்காளி' என்ற வரி. புத்தகத்தில் பங்காளி, அறையில் வெளியாள்.

எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்று சொல்ல வேண்டும்.

பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் கம்பெனி பாமாயில் எனும் செம்பனை எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்து, சோப்புக்கும் ஷாம்புக்கும் மூலப்பொருள் செய்து ஏற்றுமதி செய்கிறது. அம்மா அதன் வாசலில் கடை போட்டது நான் இடைநிலைப் பள்ளிக்குப் போவதற்கு முன்பே. தே தாரிக் என்கிற ஆற்றிய பால் தேநீர், கோப்பி, தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் வைத்துக் கட்டிய நாசி லெமாக் பொட்டலம், உளுந்து வடை. அங்கே கடை போட யாரும் அனுமதி கொடுத்ததில்லை, தடுத்ததும் இல்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் மோட்டாரை நிறுத்தாமலே காலை ஊன்றிக்கொண்டு, "அக்கா, ரெண்டு தே, கட்டிக் குடுங்க" என்பார்கள். பிளாஸ்டிக் பையில் தண்ணியை ஊற்றி, ஸ்ட்ரா செருகி, சிவப்புக் கயிற்றால் ஓரமாகக் கட்டிக் கொடுப்பார். அவர்கள் அதை ஹேண்டில் பக்கத்துக் கொக்கியில் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அப்பா டேங்கர் லோரி ஓட்டி முட்டி போனவர். வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், நெத்திலி ஆய்வார். அவர் கோத்தா திங்கிப் பக்கம் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதுவும் இல்லை. எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பல்கலைக்கழகம் போனவன் நான் ஒருவன்தான்.

அதனாலோ என்னவோ, எழுதி வைத்திருப்பதை அப்படியே நம்பும் பழக்கம் எனக்கு உண்டு. நேர்முகத் தேர்வுக்கு முன் அந்தக் கம்பெனியின் விழுமியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நேர்மை, அக்கறை, நிலைத்தன்மை. வேலை கிடைத்ததும் அவற்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தவனும் நானே. பெரிய கேட்டருகே நான்கு மொழிகளில் பலகை வைத்தார்கள். என் தமிழ் வரியைப் போன் கேமராவில் பிடித்து வீட்டில் காட்டினேன்.

அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "எங்க லோரி கம்பெனியிலயும் போட்டிருந்தான், பாதுகாப்பே முதலிடம்னு. பிரேக் சரியில்ல, மாத்துங்கன்னு சொன்னா அடுத்த மாசம்பான். அந்த எழுத்தும் நல்லா அழகாத்தான் இருந்துச்சு."

"இது அந்த மாதிரி இல்லப்பா. வெளிநாட்டுக்காரன் வந்து ஒவ்வொண்ணா சோதிப்பான்."

"அப்படியா. அப்ப அவன் வர்ற அன்னைக்கு மட்டும் பிரேக் பிடிக்கும்."

தொழிலாளர்கள் அந்தப் பலகையைப் படித்து நான் பார்த்ததே இல்லை. அதன் அடியில் மோட்டாரை நிறுத்துவார்கள், மத்தியான வெயிலில் சீட்டு சுடாமல் இருக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, இன்னும் நாலு கொள்கை சேர்த்துப் போடச் சொல்லுங்க. போர்டு அகலமா வந்தா என் மோட்டாருக்கும் எடம் கிடைக்கும் லா." நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. இவர்களுக்குப் புரியவில்லையே என்று.

மேடம் கோலாலம்பூரிலிருந்து வந்தவர். நம்மவர்தான், ஆனால் தமிழ் பேசும்போது பாதியில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ரிப்போர்ட்ல கம்யூனிட்டி பகுதி ரொம்ப ட்ரையா இருக்கு. மரம் நட்டோம், கடற்கரையைக் கூட்டினோம், இதையே எல்லாரும் போடறாங்க. கேட்ல ஒரு ஆன்ட்டி தண்ணி விக்கிறாங்க இல்ல, அவங்க எவ்வளவு பிளாஸ்டிக் பை யூஸ் பண்றாங்க! அவங்களை மாத்தினா அதுதான் ஸ்டோரி" என்றார்.

"மேடம், அது எங்க அம்மா."

அவர் கண் அகலமாகத் திறந்தது. "அலாமாக்! உங்க அம்மாவா? இதைவிட பெட்டரா வேற என்ன வேணும்? மகன் உள்ளே, அம்மா வெளியே. திஸ் இஸ் தி ஸ்டோரி."

திட்டத்துக்கு 'வாசல் பங்காளி' என்று பெயர் வைத்தார்கள். பிளாஸ்டிக் பை கூடாது. துருப்பிடிக்காத எஃகுக் கோப்பைகள். முன்பணம் கட்டிக் கோப்பையை வாங்கிப் போய், திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். பழைய மேசையும் குடையும் போய், கம்பெனிப் பச்சை நிறத்தில் கூரை போட்ட புது வண்டி. வண்டிக்குக் கம்பெனி என்ன கொடுக்கும் என்று கேட்டேன். ஸ்டிக்கர் கொடுக்கும் என்றார்கள். மூன்று விழுமியமும் அச்சடித்த ஸ்டிக்கர். "நாம பணமா கொடுத்தா அது தானம் ஆயிடும். அவங்க சொந்தக் கால்ல நிக்கறதுதான் சஸ்டெய்னபிள்" என்று மேடம் விளக்கினார். எனக்கு அது அப்போது நியாயமாகவே பட்டது.

அம்மா யோசித்தார். "நல்லாத்தானே போய்க்கிட்டு இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்றார். ஆனால் உள்ளே இருந்து பெரிய மனிதர்கள் தேடி வந்து பங்காளி என்று சொன்னது அவருக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது. அத்தனை வருஷமாக காவலுக்கு நிற்கும் ஜாகா முதல் சூப்பர்வைசர் வரை யார் நினைத்தாலும் விரட்டலாம் என்ற நிலையில் நின்றவர் அவர். இனி யாரும் கேட்க முடியாதே என்றார். தெப்ராவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் வண்டி செய்யக் கொடுத்தோம். ஒப்பந்தத்துக்காக நில அளவைப் படம் ஒன்று எடுத்தார்கள். மதிலுக்கு வெளியே நின்றாலும் வாதுமை மரமும் அதன் அடியும் கம்பெனி எல்லைக்குள் வருகிறது என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. 'கம்பெனி நிலத்தை அனுமதியோடு பயன்படுத்துபவர்' என்ற இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டார். தமிழில்தான் போட்டார்.

கோப்பை வந்த முதல் வாரமே வியாபாரம் படுத்துவிட்டது. "அக்கா, இதை மோட்டார்ல எங்க மாட்டுறது, காதுலயா?" என்றார் ஒருவர். இன்னொருவர் கோப்பையைச் சட்டைப் பைக்குள் நிமிர்த்தி வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்செல்லாம் தண்ணியோடு திரும்பி வந்து சிரித்தார். உற்பத்திப் பகுதிக்குள் எஃகுச் சாமான் கொண்டுபோகக் கூடாது என்ற விதி வேறு இருந்தது. அதே கம்பெனியின் விதிதான். இதை மேடத்திடம் சொன்னேன். "முதல்ல அப்படித்தான் இருக்கும், பிஹேவியர் மாற டைம் ஆகும்" என்றார். அம்மா பொறுத்தார். படம் எடுக்க வந்தபோது, காலிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தார்.

கடை அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தாலும், முறையான திறப்பு விழாவைத் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் வைத்தார்கள். நிர்வாக இயக்குநர் ரிப்பன் வெட்டினார், சூட்டும் கோட்டுமாக இருபது முப்பது பேர் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் தண்ணியும் வடையும். பர்ஸை எடுத்தவர்களையெல்லாம் அம்மா கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "தெறப்பு விழா நாளு. இன்னைக்குக் காசு வாங்குனா நல்லாவா இருக்கும்?" அதோடு நிற்கவில்லை. வீட்டில் இரண்டு நாளாக முறுக்குச் சுட்டு, டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருந்தார். இயக்குநருக்கு ஒன்று, மேடத்துக்கு ஒன்று, வந்த அதிகாரிகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று. "தீபாவளிப் பலகாரம், வீட்டுக்குக் கொண்டு போங்க." ஒவ்வொரு வருஷமும் எங்கள் வரிசை வீடுகளில் மலாய்க்கார வீடு, சீன வீடு என்று பார்க்காமல் தட்டெடுத்துக்கொண்டு போகிற அதே கைதான். எல்லாரும் வாங்கினார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இயக்குநர் அங்கேயே டப்பாவைத் திறந்து ஒன்றைக் கடித்து, "கிரிஸ்பி!" என்றார். அதையும் படம் எடுத்தார்கள்.

தீபாவளி விடுமுறை முடிந்து வேலைக்குப் போனேன். என் மேசையில் ஒரு கடிதம். நேர்மைப் புகார் எண்ணுக்கு யாரோ அழைத்துச் சொல்லியிருக்கிறார்கள்: கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஒரு வியாபாரி, கம்பெனி அதிகாரிகளுக்கு அன்பளிப்பு கொடுத்தார், அவருடைய மகன் அதே திட்டத்தில் வேலை செய்கிறான். அன்பளிப்புத் தடைக் கொள்கைக்கு விரோதம். நலமுரண், அதாவது சொந்த நலனும் வேலையும் மோதுகிற குற்றம்.

அப்படித்தான் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"இதை அடையாளம் தெரியுதா?" என்று நேர்மை அதிகாரி பையைக் காட்டினார்.

தெரிந்தது. டப்பாவில் பாதிக்குக் கீழேதான் முறுக்கு இருந்தது. அம்மா விளிம்புவரை அடுக்கி மூடியை அமுக்கி மூடியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். மீதி எங்கே என்ற கேள்வி வாய்வரை வந்தது. மேசையைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"சார், இது தீபாவளிப் பலகாரம். லஞ்சம் இல்ல."

"நோக்கம் என்னங்கறது அப்புறம். மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், அதுதான் கேள்வி."

"போன மாசம் கேன்டீன் குத்தகைக்காரர் சீனர் பண்டிகைக்குப் பெட்டி பெட்டியா மூன்கேக் கொண்டுவந்து வச்சாரே? வாசல் மேசை முழுக்க அதுதானே இருந்துச்சு?"

"அது பதிவேட்டுல முறையா பதிவாகியிருக்கு" என்றார் அவர். "உங்க அம்மா கொடுத்ததை யாரும் பதியலை."

"வாங்கினவங்கதானே பதியணும்?"

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அது என் அம்மா என்பதைத் திட்டம் தொடங்கும் முன் சொன்னேனா?

"சொன்னேன். மேடத்துக்கிட்ட. முதல் நாளே."

எல்லாரும் மேடத்தைப் பார்த்தார்கள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "வாய்மொழியா ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அஃபிஷியலா எந்த டிக்ளரேஷனும் வரலை."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. வாய் நிறையப் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நேர்மை என்ற சொல்லை நான்தான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அது இப்படியும் நடமாடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடைசியில் இயக்குநர் இறங்கி வந்தது போலப் பேசினார். பெரிதாக்க வேண்டாம். உன் அம்மா ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடட்டும். அறியாமல் செய்த சிறு வியாபாரி என்று கேஸை மூடிவிடலாம். நீ வேறு பிரிவுக்குப் போ. கடை இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும். போடாவிட்டால், நிலம் கம்பெனியுடையது, ஒப்பந்தத்தை ரத்து செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

வாக்குமூலம் ஏற்கனவே தயாராக இருந்தது. ஒரே பக்கம், மலாயில். மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அடுப்பருகே நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தார். அப்பா தரையில் காலை நீட்டி வெங்காயம்.

"படிச்சுக் காட்டுப்பா" என்றார் அம்மா.

வரி வரியாகத் தமிழில் சொன்னேன். என் வியாபாரத்துக்குச் சாதகம் தேடும் நோக்கத்தோடு அதிகாரிகளுக்கு உணவுப் பொருள்கள் கொடுத்தேன், அது தவறு என்று இப்போது உணர்கிறேன், வருந்துகிறேன்.

"என்ன நோக்கம்னு போட்டிருக்கு?"

"நமக்கு ஏதாவது செய்வாங்கன்னு எதிர்பார்த்துக் கொடுத்தீங்களாம்."

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "இரு, பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாக்சிக் ஹரிராயாப் பெருநாளுக்கு நமக்கு லெமாங் சோறு கொடுத்தாருல்ல? அவரு நம்மகிட்ட என்ன சாதகம் தேடுனாருன்னு போய்க் கேட்டுட்டு வர்றேன்."

"சும்மா இருங்க நீங்க" என்ற அம்மா என்னைப் பார்த்தார். "யாரு சாப்பிட்டாங்க? அந்தப் பெரியவரு என் கண்ணு முன்னாலதானே கடிச்சாரு? அவரு கையெழுத்துப் போடலியா?"

"இல்லம்மா."

"கொடுத்தவ மட்டும் போடணும்."

"ஆமா."

"போட்டா?"

"கடை இருக்கும். இப்போதைக்கு."

நெத்திலியை ஜல்லிக் கரண்டியால் அள்ளித் தட்டில் கொட்டினார். அடுப்பை அணைத்தார். அந்த மரத்தடிதான் எங்கள் வீட்டுச் சோறு. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர். கொஞ்ச நேரம் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு மலாய் படிக்க வராது, ஆனாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா, அடுத்த தீபாவளிக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எண்ணெய்ச் சட்டியை அடுப்புல ஏத்துவேன்? நாலு வீட்டுக்குத் தட்டைத் தூக்கிக்கிட்டுப் போறப்ப எனக்கே இது ஞாபகம் வராதா? கடை போனா போகட்டும்பா. கொண்டு போய்க் குடுத்துடு."

அப்பா வெங்காயத்தை விட்டுவிட்டு எழுந்து, அம்மாவுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் முட்டிக்கு அது சின்ன வேலை இல்லை.

கையெழுத்தில்லாத தாளை நேர்மை அதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தேன். "போடலையா?" என்று கேட்டார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். எல்லாரும் போட்டுவிடுவார்கள் போலிருக்கிறது.

அந்த மாதக் கடைசிக்குள் ஒப்பந்தம் ரத்து. வண்டியை எடுத்துவிடச் சொல்லி வந்தவர் நேப்பாளத்து ஜாகா. தினமும் அம்மாவிடம் தண்ணி குடிப்பவர். "ஆன்ட்டி, எனக்கு உத்தரவு" என்று மலாயில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அவருக்குத் தண்ணி கலந்து கொடுத்துவிட்டுத்தான் வண்டியைத் தள்ளினார். மறுவாரம் மரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தொட்டிகள் வைத்துப் பூச்செடி நட்டார்கள். 'பசுமை மூலை' என்று பெயர். கேன்டீன் தண்ணி பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கிறது என்று ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் எனக்குச் செய்தி அனுப்பினார். அதையும் பிளாஸ்டிக் பையில்தான் கட்டிக் கொடுக்கிறார்களாம்.

இணையத்தில் ஏற்றியிருந்த அறிக்கையிலிருந்து அந்தப் படத்தையாவது எடுத்துவிடச் சொல்லி மேடத்திடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார்: "அந்த ரிப்போர்ட்டிங் பீரியட்ல அது நடந்தது உண்மைதானே? இப்போ எடுத்தாதான் தப்பான தகவல் ஆயிடும்." அந்த அறிக்கைக்கு எங்கோ ஒரு விருதும் கிடைத்தது. விருது விழாவில் எல்லாரையும் மேடை முன் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். திரையில் அம்மா காலிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அது யார் என்று தெரிந்தவர்களும் தட்டினார்கள். நான் வேலையை விட்டது அடுத்த வாரம். விடைபெறும் நாளில் கணினியில் ஒரு கேள்வி வந்தது: நமது விழுமியங்கள் அன்றாட வேலையில் எந்த அளவு கடைப்பிடிக்கப்படுகின்றன என்று கருதுகிறீர்கள்? ஒன்று முதல் பத்துவரை. பூஜ்ஜியம் இல்லை. ஏதாவது ஓர் எண்ணை அழுத்தினால்தான் அடுத்த பக்கம் போகும். கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

இப்போது தெப்ராவில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறேன். சுவரில் எதுவும் எழுதி மாட்டாத இடம். முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டுவார், ஆனால் சம்பளத்தைச் சொன்ன தேதியில் போட்டுவிடுவார். அம்மா வீட்டிலிருந்தே நாசி லெமாக் கட்டிப் பக்கத்துக் கடை இரண்டுக்குப் போடுகிறார். முன்பு ஒரு ஷிப்டில் போன பொட்டலம் இப்போது மூன்று நாளைக்குப் போகிறது.

வண்டியைக் கோத்தா திங்கியில் வாழைப்பழம் பொரித்து விற்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். பச்சைக் கூரை பிடிக்கவில்லை, பெயிண்ட் அடிக்கச் செலவாகும் என்று பேரம் பேசினார். கோப்பைகள் அவருக்கு வேண்டாம். யாருக்குமே வேண்டாம். வண்டி செய்ய எங்கள் கைக்காசில் ஆனது ஆறாயிரத்து எண்ணூறு ரிங்கிட், கோப்பைகளுக்கு ஐந்நூற்று ஐம்பது. அவர் கொடுத்தது இரண்டாயிரத்து ஐந்நூறு. கழித்துப் பார்த்தால் எங்கள் கையை விட்டுப் போனது நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது வெள்ளி.